கெட்டிலிலிருந்து கிட்டுக்கு: எண்பது கோப்புகளுக்கு ஆவணம் எடுத்த எட்டு மாதம்

2025 பிப்ரவரியில் உள்தணிக்கைக்கு வந்தவர் ஒரு கேள்வி கேட்டார். "ஈரோடு கிளையின் சரக்குக் கூலி டிசம்பரிலிருந்து தனித் தலைப்பில் வருகிறதே, எப்போது மாற்றினீர்கள், யார் சொல்லி மாற்றினீர்கள்?" நான்கு நிமிடத்தில் பதிலைத் திரையில் காட்டினேன். 2024 டிசம்பர் 9. மாற்றியது நான். காரணம் என்ற இடத்தில் நானே எழுதி வைத்திருந்தது: "ஈரோடு மேலாளர் கேட்டுக்கொண்டது. கணக்குப் பிரிவின் ஒப்புதல் வர வேண்டும்." ஒப்புதல் வரவில்லை, நானும் கேட்கவில்லை. நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஆனாலும் அன்று மாலை மகிழ்ச்சியோடுதான் வீட்டுக்குப் போனேன். எட்டு மாதத்துக்கு முன்பு இதே மாதிரியான கேள்விக்கு மூன்று நாள் தேடியும் பாதிப் பதில்தான் கிடைத்திருந்தது.

நான் வேலை பார்ப்பது கோவையில், பம்புசெட் உதிரிபாகங்களை மொத்தமாக விற்கும் ஓர் இடத்தில். பதினொரு கிளைகள். ஒவ்வொரு கிளையின் பில், இருப்பு, திரும்பி வந்த சரக்கு எல்லாம் இரவு ஒரு மணிக்குத் தலைமையகத் தரவுத்தளத்துக்கு வந்து சேர வேண்டும். அந்தக் கடத்தலைச் செய்வது கெட்டில் என்ற மென்பொருள். பெல்ஜியத்துக்காரர் மாட் காஸ்டர்ஸ் உருவாக்கியது, 2005இல் திறமூலமானது, அடுத்த ஆண்டு பென்டஹோ அதைச் சேர்த்துக்கொண்டு 'பென்டஹோ டேட்டா இன்டகிரேஷன்' என்று பெயர் வைத்தது, 2015இல் பென்டஹோவை ஹிட்டாச்சி வாங்கியது. பெயர் எத்தனை மாறினாலும் எங்கள் அலுவலகத்தில் அது கெட்டில்தான். அதன் பாகங்களுக்கும் சமையலறைப் பெயர்கள்: படம் வரைவது ஸ்பூன், ஒரு டிரான்ஸ்ஃபர்மேஷனை (தரவை எடுத்து, மாற்றி, எழுதும் படிகளின் தொடர்) ஓட்டுவது பேன், பல டிரான்ஸ்ஃபர்மேஷன்களைக் கோத்த ஜாபை ஓட்டுவது கிச்சன். கரண்டி, சட்டி, அடுப்படி எல்லாம் இருந்தும் சமையல் குறிப்பு மட்டும் எங்களிடம் இல்லை.

எங்களிடம் 63 டிரான்ஸ்ஃபர்மேஷன்கள், 17 ஜாப்கள். மொத்தம் எண்பது. எல்லாம் ஒரு மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தில், கெட்டிலின் ரெபாசிட்டரியில் (சேமிப்பிடத்தில்) இருந்தன. அந்த வகை ரெபாசிட்டரி கடைசியாகச் சேமித்ததை மட்டுமே வைத்துக்கொள்ளும். நேற்று எப்படி இருந்தது என்று அதனிடம் கேட்க முடியாது. ஆவணம் என்று ஒன்று இருந்தது: 140 பக்க வேர்டு கோப்பு, ஸ்பைரல் பைண்டிங் போட்டு அலமாரியில். அதில் பாதி டிரான்ஸ்ஃபர்மேஷன்களின் பெயர்கூட இன்றைய பெயரோடு பொருந்தாது.

2024 ஜூனில் வந்த முதல் கேள்வி இது: சேலம் கிளையில் திரும்பி வந்த சரக்கு விற்பனையிலிருந்து ஏன் கழியவில்லை? மாதம் ஒருமுறை எடுத்திருந்த 14 பேக்கப்களை ஒரு பழைய கணினியில் ஒவ்வொன்றாக ஏற்றி, கெட்டிலின் உள் அட்டவணைகளை ஒப்பிட்டேன். மூன்றாம் நாள் மாலை தெரிந்தது: ஜனவரி பேக்கப்புக்கும் பிப்ரவரி பேக்கப்புக்கும் இடையில், ஒரு படியை அடுத்த படியோடு இணைக்கும் அம்பை யாரோ அணைத்து வைத்திருந்தார்கள். கெட்டிலில் இந்த அம்புக்கு ஹாப் என்று பெயர். சோதனைக்காக அதை அணைப்பது எல்லோரும் செய்வதுதான். மறுபடி இயக்க மறப்பதும் எல்லோரும் செய்வதுதான். யார், எந்தத் தேதி, எதற்காக? தெரியாது. நாங்கள் நால்வரும் ஒரே நிர்வாகி கணக்கில்தான் நுழைந்துகொண்டிருந்தோம்.

முதலில் செய்த தவறைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், பெருமைப்பட எதுவும் இல்லை. வேர்டு கோப்பைப் புதிதாக எழுத உட்கார்ந்தேன். ஒவ்வொரு டிரான்ஸ்ஃபர்மேஷனையும் ஸ்பூனில் திறந்து, திரையைப் படம் பிடித்து, ஒட்டி, கீழே இரண்டு வரி. ஒன்பது வேலை நாள், 112 பக்கம். முடித்த வாரமே விலைப்பட்டியல் வடிவம் மாறியதால் ஐந்து டிரான்ஸ்ஃபர்மேஷன்களைத் திருத்த வேண்டி வந்தது. பழைய குருடி கதவைத் திறடி.

பிறகுதான் கெட்டிலிலேயே ஆவணம் எழுதும் படி ஒன்று இருப்பது கண்ணில் பட்டது. 'ஆட்டோமேட்டிக் டாக்குமென்டேஷன் அவுட்புட்' என்று பெயர். கோப்புகளின் பெயர்களை ஒரு படி பட்டியலிட்டுத் தர, இது டிரான்ஸ்ஃபர்மேஷனா ஜாபா என்று ஒரு பத்தியில் சொல்லிவிட்டால், பெயர், விளக்கம், உருவான தேதி, வரைபடம் எல்லாவற்றையும் பிடிஎஃப் ஆகவோ எச்டிஎம்எல் ஆகவோ தந்துவிடும். அரை நாளில் எண்பதுக்கும் பிடிஎஃப் கையில் இருந்தது. பார்க்க அழகு. கோப்புகளின் ஒவ்வொரு மாற்றத்தையும் வரலாறாக வைத்துக்கொள்ளும் கிட் என்ற மென்பொருளில் அவற்றைப் போட்டு, வாரம் ஒருமுறை புதிதாக எடுத்துப் போட ஆரம்பித்தேன்.

நாலு வாரம் கழித்து ஒரு சின்னச் சோதனை. வேண்டுமென்றே ஒரு டிரான்ஸ்ஃபர்மேஷனில் எஸ்க்யூஎல் (தரவுத்தளத்திடம் வினா கேட்கும் மொழி) வரியை மாற்றிவிட்டு, இரண்டு வாரங்களின் ஆவணங்களை ஒப்பிடச் சொன்னேன். 'இரண்டு பைனரி கோப்புகள் வேறுபடுகின்றன' என்றது கிட். அவ்வளவுதான். எண்பது பிடிஎஃப்களுக்கும் அதே வாசகம், மாறாதவற்றுக்கும் சேர்த்து. ஏனென்றால் ஒவ்வொரு பிடிஎஃப்பிலும் அது உருவான நேரம் உள்ளே பதிந்திருக்கிறது. பிடிஎஃப் ஏற்கெனவே சுருக்கப்பட்ட கோப்பு என்பதால் கிட்டால் அதை மேலும் சுருக்கவும் முடியவில்லை. நாலு வாரத்தில் 120 எம்பி. போதாததற்கு, நான் மாற்றிய எஸ்க்யூஎல் வரி அந்த ஆவணத்தில் இல்லவே இல்லை. அதில் இருந்தது படமும் விளக்கமும்தான். விளக்கமோ எண்பதில் எழுபத்தொன்றில் காலி.

படிப்பதற்கான ஆவணம் வேறு, ஒப்பிடுவதற்கான ஆவணம் வேறு என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. எனக்கு வேண்டியது இரண்டாவது. வேலை மாறினால் மட்டும் மாற வேண்டும். வேலை மாறாவிட்டால் ஓர் எழுத்துகூட மாறக் கூடாது.

அடுத்த கட்டம் மூலத்தையே வெளியே எடுப்பது. பேன் நிரலை ஓட்டும்போது ஒரு தேர்வைச் சேர்த்தால் ரெபாசிட்டரி முழுவதையும் ஒரே எக்ஸ்எம்எல் கோப்பாக (குறிச்சொற்களோடு எழுதிய உரைக் கோப்பு) ஏற்றுமதி செய்துவிடும். எங்களுக்கு வந்தது 4.6 எம்பி. அதை அப்படியே கிட்டில் ஏற்றினேன். இதுவும் தவறு, ஆனால் பயனுள்ள தவறு. ஒரே கோப்பாக இருந்தால் வரலாறும் ஒரே வரலாறாகத்தான் இருக்கும். 'சேலம் டிரான்ஸ்ஃபர்மேஷன் எப்போதெல்லாம் மாறியது' என்று கேட்க வழியில்லை. இருபது வரிப் பைத்தான் ஸ்கிரிப்ட் ஒன்றால் அதை எண்பதாகப் பிரித்து, ரெபாசிட்டரியில் இருந்த அடைவு அமைப்பிலேயே வைத்தேன்.

பிரித்து முடித்துவிட்டு ஒரு கோப்பை மேலிருந்து கீழாக நிதானமாகப் படித்தபோது கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது. ஒவ்வொரு கோப்பிலும் தரவுத்தள இணைப்புகளின் விவரமும் கூடவே வருகிறது: சர்வர் பெயர், பயனர் பெயர், கடவுச்சொல். கடவுச்சொல்லுக்கு முன்னால் 'என்கிரிப்டட்' என்று போட்டிருக்கும், பின்னால் நீளமான எண்ணெழுத்துக் கோவை. நானும் பல ஆண்டுகளாக அது பூட்டப்பட்டது என்றுதான் நினைத்திருந்தேன். கெட்டிலின் இயல்பு அமைப்பில் அது மறைப்பு மட்டுமே. எல்லா நிறுவல்களுக்கும் பொதுவான விதை எண்ணால் கலைத்து வைத்திருக்கிறார்கள். நிரலின் மூலம் பொதுவில் இருப்பதால் யார் வேண்டுமானாலும் திருப்பிவிடலாம். ஆக, இரண்டு வாரமாக நான் எங்கள் கடவுச்சொற்களைக் கிட்டில் ஏற்றி, நாலு பேர் மடிக்கணினிகளுக்கும் அனுப்பிக்கொண்டிருந்தேன்.

கிட்டில் ஒருமுறை ஏறியது, அடுத்த கமிட்டில் (கிட்டில் மாற்றத்தைப் பதிவதற்கு இப்படிப் பெயர்) அழித்தாலும் வரலாற்றில் இருக்கும். வரலாற்றைத் திருத்தி எழுதக் கருவிகள் உண்டு. எனக்கு இருந்தது இரண்டு வார வரலாறுதான், அதையே தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாகத் தொடங்கினேன். நால்வரின் கணினியிலும் பழைய நகலை நானே உட்கார்ந்து அழித்தேன். ஒன்பது தரவுத்தளக் கடவுச்சொற்களை ஒரே சனிக்கிழமையில் மாற்றினேன். அன்றிரவு மூன்று கிளைகளின் கடத்தல் நின்றது. ஓர் இணைப்பைத் திருத்த மறந்திருந்தேன். அதன் பிறகு கடவுச்சொல் எந்த டிரான்ஸ்ஃபர்மேஷனிலும் இல்லை. எல்லா இடத்திலும் ஒரு மாறியின் பெயர்தான். மதிப்பு சர்வரில் உள்ள கெட்டில் அமைப்புக் கோப்பில். அந்தக் கோப்பு கிட்டுக்கு வெளியே. வெறும் பெயர்ப்பட்டியல் மட்டும் மாதிரிக் கோப்பாக உள்ளே இருக்கிறது. அடுத்த முறை இதைச் செய்பவர் முதல் நாளே, முதல் கமிட்டுக்கு முன்பே இதைச் செய்ய வேண்டும்.

இனி எக்ஸ்எம்எல்லை அப்படியே ஒப்பிட்டால் போதாதா, தனியாக ஆவணம் எதற்கு என்று என் நண்பர் ஒருவர் கேட்டார். நானும் ஒரு வாரம் அப்படிச் செய்து பார்த்தேன். போதாது. ஸ்பூனில் ஒரு பெட்டியைச் சுட்டியால் அரை அங்குலம் நகர்த்திச் சேமித்தால், கோப்பில் அதன் இடஎண்கள் மாறும்; மாற்றம் என்று கிட் காட்டும். எஸ்க்யூஎல்லில் உள்ள வரி முறிவுகளை எங்கள் கெட்டில் எண்குறிகளாக மாற்றி, நாற்பது வரி வினாவை ஒரே வரியாக எழுதியிருந்தது. அதில் ஒரு காற்புள்ளி மாறினாலும் நாற்பது வரியும் சிவப்பிலும் பச்சையிலும் வந்து நிற்கும். வேறு பதிப்பில் யாராவது திறந்து சேமித்தால் டாலர் குறியும் நெளிவடைப்பும்கூட எண்குறியாகிவிடும். இதைத் தணிக்கையாளரிடம் காட்ட முடியாது.

எனவே எக்ஸ்எம்எல்லைப் படித்து, மார்க்டவுன் கோப்பாக (எளிய குறிகளோடு கூடிய வெறும் உரை) எழுதும் ஸ்கிரிப்ட். பைத்தானோடு வரும் எக்ஸ்எம்எல் தொகுதியே போதுமானதாக இருந்தது, வெளியிலிருந்து எதையும் நிறுவவில்லை. எங்கள் எண்பது கோப்புகளிலும் சேர்த்து 27 வகைப் படிகள்தான் பயன்பட்டிருந்தன. அவற்றில் ஒன்பதுக்குத் தனியாக எழுதினேன்: அட்டவணையிலிருந்து படிப்பது, அட்டவணையில் எழுதுவது, வடிகட்டுவது, தேடிப் பொருத்துவது, பத்திகளைத் தேர்ந்தெடுப்பது போன்றவை. மீதிப் பதினெட்டுக்கும் பெயரும் மதிப்புமாக ஒரு பட்டியல். அதுவே போதுமானதாக இருக்கிறது.

அதிக நேரம் தின்றது வடிகட்டும் படி. அதன் நிபந்தனை எக்ஸ்எம்எல்லில் பெட்டிக்குள் பெட்டியாக இருக்கும்: ஒரு நிபந்தனைக்குள் இன்னொரு நிபந்தனை, அதற்கு எதிர்மறைக் குறி, அதற்குள் இடப்பக்கம், ஒப்பீடு, வலப்பக்கம். 'கூலி வகை = 4 அல்லது (கிளை = ஈரோடு மற்றும் தொகை > 0) எனில் இந்தப் படிக்கு, இல்லாவிட்டால் அந்தப் படிக்கு' என்று ஒரே வாக்கியமாக வர வேண்டும். தன்னைத் தானே அழைத்துக்கொள்ளும் சிறிய செயற்கூறு, முப்பத்தைந்து வரி. எதிர்மறைக் குறியை முதலில் விட்டுவிட்டேன். கணக்குப் பிரிவில் எங்களுக்கெல்லாம் மூத்த அண்ணன் ஒருவர், ஆவணத்தைப் படித்துவிட்டு, "தம்பி, இது உண்மையானால் நாம் ரத்தான பில்களை மட்டும்தான் விற்பனையாகக் காட்டுகிறோம்" என்றார். அவரைப் போல் ஒருவர் படிக்காவிட்டால் அது இன்னும் அப்படியே இருந்திருக்கும்.

படிகளை எந்த வரிசையில் எழுதுவது? எக்ஸ்எம்எல்லில் உள்ள வரிசை நாங்கள் எதை எப்போது ஸ்பூனின் வரைதிரையான கேன்வாஸில் போட்டோம் என்பதைப் பொறுத்தது, படிப்பவருக்குப் பொருள் தராது. அகர வரிசையில் எழுதிப் பார்த்தேன். ஆவணம் நடுவில் தொடங்கி முன்னும் பின்னும் ஓடியது. கடைசியில் அம்புகளின் போக்கிலேயே வரிசைப்படுத்தினேன்: தனக்கு முன்னால் எதுவும் இல்லாத படி முதலில், அதைச் சார்ந்தது அடுத்து. இரண்டு படிகள் ஒரே நிலையில் இருந்தால் மட்டும் அகர வரிசை. அந்தக் கடைசி விதி இல்லாவிட்டால் ஒவ்வொரு இரவும் வரிசை இடம் மாறும். வரிசை மோகத்தில் எல்லாப் பட்டியல்களையும் அகர வரிசையாக்கியதும் ஒரு பிழை. பத்திகளைத் தேர்ந்தெடுக்கும் படியில் பத்திகளின் வரிசைக்கே பொருள் உண்டு. வெளியே போகும் கோப்பில் அதே வரிசையில்தான் விழும்.

அம்பு விஷயத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஸ்கிரிப்ட் வேலை செய்ததும் முதல் காரியமாகச் சேலம் டிரான்ஸ்ஃபர்மேஷனின் பழைய பேக்கப்பை அதற்குக் கொடுத்தேன். 'திரும்பி வந்த சரக்கு விற்பனையிலிருந்து கழிக்கப்படுகிறது' என்று தெளிவாக எழுதித் தந்தது. ஒவ்வொரு அம்புக்கும் 'இயங்குகிறது, இயங்கவில்லை' என்று எக்ஸ்எம்எல்லில் ஓர் எழுத்து இருக்கிறது. அதை நான் படிக்கவே இல்லை. எந்த அம்பைத் தேடி மூன்று நாள் அலைந்தேனோ அதே அம்பு என் ஆவணத்தில் நிமிர்ந்து நின்றது. இப்போது அணைந்த அம்புகள் ஒவ்வோர் ஆவணத்தின் தலையிலும், 'இயங்காத இணைப்புகள்' என்ற தலைப்பில், மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் வருகின்றன. முதல் நாள் எண்ணியபோது எண்பது கோப்புகளில் 23 இருந்தன. இருபதை நீக்கிவிட்டோம், மூன்று காரணத்தோடு இருக்கின்றன.

வரைபடத்துக்கு முதலில் கிராஃப்விஸ் பயன்படுத்தினேன். அம்புகளைக் கொடுத்தால் படத்தை அதுவே அமைத்துக்கொள்ளும். அமைப்பு அழகுதான், ஆனால் ஒரு படியைச் சேர்த்ததும் மொத்தப் படமும் இடம் மாறிப்போனது. எங்கள் ஆட்களுக்கு அந்த டிரான்ஸ்ஃபர்மேஷன்கள் ஸ்பூன் திரையில் இருந்த இடத்தோடு மனப்பாடம்: "இடது மூலையில் மேலே இருக்குமே, அந்தப் பெட்டி." ஆகவே எக்ஸ்எம்எல்லில் இருக்கும் இடஎண்களையே எடுத்து, நானே எஸ்விஜி (உரையாகவே எழுதப்படும் பட வடிவம்) கோப்பாக வரைந்தேன். பெட்டி, பெயர், கோடு, அணைந்த அம்புக்குப் புள்ளிக்கோடு. இடஎண்களை 16இன் மடங்குக்கு முழுமையாக்கினேன். கை நடுங்கி நகர்ந்த நாலு புள்ளிகள் பெரும்பாலும் அதில் கரைந்துவிடும்.

சின்னதாகத் தெரிந்து பதினோரு இரவுகளை வீணாக்கியது ஒன்று உண்டு. ஒவ்வோர் ஆவணத்தின் தலையிலும் 'இந்த ஆவணம் உருவான நேரம்' என்று ஒரு வரி வைத்திருந்தேன். பிடிஎஃப்பில் எதைக் கண்டு கோபப்பட்டேனோ அதையே நானும் செய்தேன். தினமும் எண்பது கோப்புகளும் மாறின. வரலாற்றில் உண்மையான இரண்டு மாற்றங்கள் புதைந்தன. அந்த வரியை எடுத்ததும் அடுத்த இரவு மாற்றம் பூஜ்யம். அந்தப் பூஜ்யத்தைப் பார்த்துதான் இது வேலை செய்கிறது என்று நம்பினேன். கடைசியாகச் சேமித்த தேதியையும் ஆவணத்தில் எழுதுவதில்லை. எதையும் மாற்றாமல் வெறுமனே சேமித்தாலும் அது நகர்ந்துவிடும்.

யார் மாற்றியது என்பதற்கு ஸ்கிரிப்ட் எதுவும் தேவைப்படவில்லை, ஒழுக்கம்தான் தேவைப்பட்டது. ரெபாசிட்டரியில் நால்வருக்கும் தனித்தனிக் கணக்கு திறந்து, நிர்வாகிக் கணக்கின் கடவுச்சொல்லை மாற்றி உறையில் போட்டு அலமாரியில் வைத்தேன். சேமித்தவர் பெயர் ஏற்றுமதியில் தானாகவே வருகிறது. இரவு 11:40க்கு ஸ்கிரிப்ட் ஓடி, மாறிய கோப்புகளைச் சேமித்தவர் வாரியாகப் பிரித்து, அவரவர் பெயரில் தனித்தனிக் கமிட்டாகப் போடுகிறது. எக்ஸ்எம்எல்லும் மார்க்டவுனும் ஒரே கமிட்டில். எதுவும் மாறவில்லையென்றால் கமிட்டும் இல்லை. மாத முடிவில் கணக்கை மூடும்போது வரலாற்றின் அந்த இடத்தில் ஒரு டேக் (பெயர்ச்சீட்டு): நிதியாண்டும் மாதமும். தணிக்கையில் எப்போதும் வருவது 'மார்ச் முடிவில் எப்படி இருந்தது' என்ற கேள்விதான். அதற்கு அந்த டேக்கை எடுத்து நீட்டினால் போதும்.

தமிழால் வந்த இரண்டு தொல்லைகள். சில கோப்புறைகளுக்குத் தமிழில் பெயர் வைத்திருந்தோம். கிட் அவற்றை 340, 256 என்று சாய்கோடுகளுக்கு இடையில் எண்களாகக் கொட்டியது. கோப்பு கெட்டுவிட்டது என்று பயந்து பெயர்களை ஆங்கிலமாக்கத் தொடங்கிவிட்டேன். பாதியில்தான் தெரிந்தது, கிட்டின் அமைப்பில் 'கோட்பாத்' என்ற ஒன்றை அணைத்தால் தமிழ் தமிழாகவே தெரியும். இரண்டாவது, அச்சிடக் கேட்பவர்களுக்குப் பிடிஎஃப். கோப்புகளை வடிவம் மாற்றும் பேண்டாக் கருவி பிடிஎஃப் எடுக்க இயல்பாக அழைக்கும் பிடிஎஃப்லாடெக் நிரல், முதல் தமிழ் எழுத்திலேயே நின்றுவிட்டது. எழுத்துருவோடு இரண்டு மாலைகள் மல்லுக்கட்டிவிட்டு, எச்டிஎம்எல்லாக மாற்றி, குரோமியம் உலாவியைத் திரையில்லாமல் ஓட்டி அச்சிடச் சொன்னேன். கொம்பும் காலும் அதனதன் இடத்தில் வந்தன. இந்தப் பிடிஎஃப் கிட்டுக்குள் போவதில்லை. கேட்கும்போது எடுத்து, எந்தக் கமிட்டிலிருந்து எடுத்தது என்பதை அடியில் அச்சிட்டுக் கொடுக்கிறோம்.

எல்லாவற்றிலும் நீண்டது நிரலே இல்லாத பகுதி. ஸ்கிரிப்ட் என்ன நடக்கிறது என்பதைச் சொல்லும், ஏன் என்பதைச் சொல்லாது. அந்த எழுபத்தொரு காலி விளக்கங்களை யாராவது எழுதியாக வேண்டும். கெட்டிலில் ஒவ்வொரு டிரான்ஸ்ஃபர்மேஷனுக்கும் விரிவான விளக்கம் எழுத இடம் இருக்கிறது. கேன்வாஸில் குறிப்புச் சீட்டும் ஒட்டலாம். இரண்டையும் ஸ்கிரிப்ட் ஆவணத்தில் சேர்க்கிறது. விதி ஒன்று வைத்தோம்: மூன்று வரி. எங்கிருந்து, எங்கே, யார் எதற்காகக் கேட்டார்கள். எது தமிழில் எளிதோ அது தமிழில். விளக்கமில்லாத கோப்புகளின் பட்டியலை ஸ்கிரிப்ட் தினமும் ஒரு தனிப் பக்கமாக எழுதும். அண்ணனும் நானும் மாலை ஐந்தரைக்கு இருபது நிமிடம் உட்கார்ந்து, நாளுக்கு ஒன்றோ இரண்டோ எழுதினோம். இரண்டரை மாதம் ஆயிற்று. அந்த இருபது நிமிடங்களில்தான் நாலு டிரான்ஸ்ஃபர்மேஷன்களை யாரும் பயன்படுத்துவதே இல்லை என்பதும் தெரிய வந்தது. ஒன்று, மூடிவிட்ட கிளைக்கு இன்னும் தினமும் அறிக்கை தயாரித்துக்கொண்டிருந்தது.

செலவுக் கணக்கு: மென்பொருளுக்கு ஒரு ரூபாயும் இல்லை. கிட் சர்வராக ஒரு பழைய மினி கணினி ரூ.11,800, அதற்கு எஸ்எஸ்டி ரூ.3,400. வாரம் ஒருமுறை வரலாறு முழுவதையும் ஒரே கோப்பாகக் கட்டி எடுத்துச் செல்ல இரண்டு பென் டிரைவ் ரூ.1,100. ஸ்கிரிப்ட் இப்போது 610 வரி. என் நேரம், குறித்து வைத்தவரை, 94 மணி. அதில் வேர்டு கோப்புக்குப் போன ஒன்பது நாள் சேர்க்கப்படவில்லை, சேர்க்க மனமில்லை. எண்பது மார்க்டவுன் கோப்புகளும் சேர்ந்து 640 கேபி.

மறுபடி செய்தால் மாற்றுவது: கடவுச்சொல் முதலில். அடுத்து, தரவுத்தள ரெபாசிட்டரியையே விட்டுவிட்டு டிரான்ஸ்ஃபர்மேஷன்களை நேரடியாகக் கோப்புகளாகக் கிட்டில் வைத்திருப்பேன். அப்படியானால் இரவு ஏற்றுமதி தேவையில்லை, மாற்றியவரே காரணத்தோடு கமிட் செய்திருப்பார். ஒரே நாளில் ஒருவர் மூன்று முறை மாற்றினால் இப்போது கடைசி நிலைதான் எங்களுக்குக் கிடைக்கிறது. இருவர் ஒரே கோப்பைத் தொட்டால் இரண்டாமவர் பெயர்தான் நிற்கிறது. கெட்டிலிலிருந்து கிளைத்து 2020இல் அப்பாச்சி என்ற திறமூல மென்பொருள் அறக்கட்டளைக்குள் வந்த ஹாப் என்ற மென்பொருள் தொடக்கத்திலிருந்தே கோப்புகளை நம்பித்தான் நடக்கிறது. இரண்டு டிரான்ஸ்ஃபர்மேஷன்களை அதற்கு மாற்றிப் பார்த்தேன், ஓடின. என் ஸ்கிரிப்ட்டில் சில குறிச்சொற்களின் பெயர்களை மட்டும் மாற்ற வேண்டியிருந்தது. மற்றவற்றை நிதியாண்டு முடிந்து பார்க்க வேண்டும்.

ஈரோடு சரக்குக் கூலிக்கு ஒப்புதல் இப்போது கையெழுத்தோடு வந்துவிட்டது. விளக்கத்தில் அந்த வரியைத் திருத்திவிட்டேன், திருத்தியதும் வரலாற்றில் இருக்கிறது. விளக்கமில்லாதவை பட்டியலில் இன்னும் ஆறு மிச்சம். அவை என்ன செய்கின்றன என்று தெரியும், ஏன் என்று எங்கள் யாருக்கும் தெரியாது. எழுதியவர் வேலையை விட்டுப் போய் ஆறு ஆண்டு ஆகிறது. ஆறு ஆவணங்களையும் பிடிஎஃப்பாக எடுத்து அவருக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். இரண்டுக்குப் பதில் வந்தது. மூன்றாவதைப் பார்த்துவிட்டு, "இதை நானா எழுதினேன்?" என்று கேட்டிருக்கிறார்.